மயஸ்தீனியா ரிப்போர்ட்டில் வரும் புரதப் பெயர்கள்: எது எதைச் சொல்கிறது?

காலையில் எல்லாம் சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஒரு பக்கக் கண்ணிமை மெதுவாகச் சரியத் தொடங்கும். மாலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வருகிற பஸ்ஸின் நம்பர் இரண்டிரண்டாகத் தெரியும். இரவு சப்பாத்தியைப் பாதி மெல்வதற்குள் தாடை ஓய்ந்துபோகும். போனில் பத்து நிமிடம் பேசினால் குரல் மூக்கால் வரும். தூங்கி எழுந்தால் மறுபடி எல்லாம் சரியாகிவிடும். உழைக்க உழைக்கத் தளர்ந்து, ஓய்வெடுத்தால் தேறுகிற இந்தத் தசைத் தளர்ச்சிக்குப் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். வலி இருக்காது, மரத்துப்போகாது. அதனாலேயே பலர் 'அலுப்பு', 'கண்ணாடி பவர் மாறியிருக்கும்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

நரம்பியல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்ததும் ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதித் தருவார். சீட்டில் 'ஏசிஎச்ஆர் ஆன்டிபாடி' என்று இருக்கும். அது நெகட்டிவ் என்றால் அடுத்தது 'மஸ்க்'. சில சமயம் 'டைட்டின்' என்றும் எழுதுவார். இவை ஒவ்வொன்றும் நம் தசையில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர். நோய் எதிர்ப்பு சக்தி எந்தப் புரதத்தைத் தவறாகக் குறிவைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும், நெஞ்சில் ஆபரேஷன் தேவையா என்பது மாறும், எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்பதும் மாறும். டாக்டரிடம் 'பாசிட்டிவா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எதற்கு பாசிட்டிவ்' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சொற்கள். கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. அது போய் ஒட்டும் இலக்கு ஆன்டிஜென். ஆன்டிபாடி கண்டபடி எதிலும் ஒட்டாது. ஒரு புரதத்தின் குறிப்பிட்ட ஒரு மடிப்பு, ஒரு வளைவு, அதில்தான் ஒட்டும். மயஸ்தீனியாவில் கோளாறு என்னவென்றால், இலக்கு கிருமியில் இல்லை, சொந்தத் தசையில் இருக்கிறது.

இந்த நோயின் ஆன்டிஜென்களைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். அந்தப் புரதம் தசை நாரின் மேற்பரப்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? ஒட்டுகிற ஆன்டிபாடி எந்த ரகம்? மற்ற எல்லாம் இவ்விரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

மூளையிலிருந்து வரும் நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நரம்பின் நுனியில் சிறு சிறு பைகள். ஒவ்வொரு பையிலும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் மூலக்கூறுகள் வரை. சிக்னல் வந்ததும் பைகள் உடைந்து, ரசாயனம் இடைவெளியைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காரும். அந்த எதிர்க்கரை, அதாவது தசையின் மேல்தோல், மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புகளின் உச்சியில்தான் ஏற்பிகளின் நெருக்கம்: ஒரு சதுர மைக்ரோமீட்டரில் சுமார் 10,000. ஓர் ஏற்பியில் இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் உட்கார்ந்தால் நடுவில் உள்ள துளை திறக்கும். சோடியம் உள்ளே பாயும். போதுமான ஏற்பிகள் ஒரே நேரத்தில் திறந்தால் தசை நார் சுருங்கும். வேலை முடிந்த ரசாயனத்தை கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனே உடைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது உபரி. ஆரோக்கியமான தசையில் தேவைக்கு மேல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை சிக்னல் கிடைக்கிறது. நாம் தொடர்ந்து ஒரு தசையைப் பயன்படுத்தும்போது, முதல் சில துடிப்புகளுக்குப் பிறகு நரம்பு விடும் அசிட்டைல்கோலினின் அளவு இயல்பாகவே கொஞ்சம் குறையும். உபரி இருப்பதால் அது யாருக்கும் தெரிவதில்லை. ஏற்பிகள் குறைந்துபோனவருக்கு அந்த உபரி இல்லை. முதல் துடிப்புக்குத் தசை சுருங்கும், நான்காவதுக்கு சில நார்கள் பதில் சொல்லாது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்வதன் முழுக் காரணமும் இதுதான்.

நரம்பு தூண்டல் பரிசோதனை அளப்பதும் இதையேதான். வினாடிக்கு 2 அல்லது 3 முறை நரம்பைத் தூண்டி, நான்காவது அல்லது ஐந்தாவது துடிப்பின் உயரத்தை முதலாவதோடு ஒப்பிடுவார்கள். 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் மயஸ்தீனியாவாக இருக்கலாம். இந்தப் பரிசோதனைக்குப் போகும் முன் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை வழக்கமாக 12 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். அந்த மாத்திரை கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுத்து, அசிட்டைல்கோலினைச் சற்று நேரம் கூடுதலாகத் தங்கவைப்பது. நிறுத்தாமல் போனால் சரிவு மறைந்து, ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிடும். மூச்சோ விழுங்குவதோ ஏற்கெனவே சிரமமாக இருப்பவர் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

குளிர்ச்சியில் அந்த நொதி மந்தமாகிறது, சந்திப்பில் சிக்னல் தேறுகிறது. சரிந்த இமைமேல் துணியில் சுற்றிய ஐஸ் பையை 2 நிமிடம் வைத்து எடுத்தால் இமை 2 மில்லிமீட்டராவது உயர்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனைக்கு அடிப்படை இதுதான். வெப்பம் இதற்கு நேர்மாறு. கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் மயஸ்தீனியா உள்ளவர்கள் தளர்வது கற்பனை இல்லை. சந்திப்பில் நடக்கும் ரசாயனமே அப்படி.

முதல் இலக்கு: அசிட்டைல்கோலின் ஏற்பி

சீட்டில் ஏசிஎச்ஆர் என்று எழுதுவது இந்த ஏற்பியைத்தான். ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் துளை விட்ட புரதம் இது. பெரியவர்களின் தசையில் இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு டெல்டா, ஓர் எப்சிலான். கருவில் இருக்கும் குழந்தைக்கு எப்சிலான் இடத்தில் காமா என்ற துண்டு இருக்கும். உடம்பு முழுக்கத் தளர்ச்சி உள்ளவர்களில் 80 முதல் 85 சதவீதம் பேருக்கு இந்த ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். கண்ணோடு மட்டும் நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே கண் மட்டும் பாதிக்கப்பட்டவரின் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி 'மயஸ்தீனியா இல்லை' என்று முடிவு கட்ட முடியாது.

ஆன்டிபாடிகள் அதிகம் ஒட்டுவது ஆல்ஃபா துண்டின் வெளிப்புற நுனியில், 67 முதல் 76 வரையிலான அமினோ அமிலங்களைச் சுற்றியுள்ள பகுதியில். அங்கே ஒட்டிய பிறகு சேதம் மூன்று வழிகளில் வருகிறது. முக்கியமானது காம்ப்ளிமென்ட் தாக்குதல். இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஜி1, ஐஜிஜி3 ரகம். இவை ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை வரிசையாகக் கூப்பிடும். கடைசியில் அவை தசைத் தோலில் துளை போட்டு, மடிப்புகளைத் தட்டையாக்கிவிடும். மடிப்பு போனால் ஏற்பிகள் நிற்க இடமே இல்லை. அடுத்தது, ஓர் ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். பக்கத்துப் பக்கத்து ஏற்பிகள் இரண்டை அது சேர்த்துப் பிடிக்கும். அப்படிப் பிணைக்கப்பட்ட ஏற்பிகளைத் தசை உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில். மூன்றாவது வழி, அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தையே அடைத்துக்கொள்வது. இது கொஞ்சம்தான்.

இந்தக் கதை தெளிவானது 1973-இல். பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இரு ஆய்வாளர்கள் மின்சார விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்தது. அந்த ஆன்டிபாடி முயலின் சொந்தத் தசையையும் தாக்க, முயல்கள் தலை தூக்க முடியாமல் தளர்ந்தன. பைரிடோஸ்டிக்மினின் உறவான மருந்து கொடுத்ததும் தேறின. இது தன்னுடம்பையே தாக்கும் நோயாக இருக்கலாம் என்று 1960-இலேயே ஜான் சிம்சன் எழுதியிருந்தார். இலக்கு எது என்பது கண்ணால் பார்க்கக் கிடைத்தது இந்த முயல்களில்தான்.

இதே ஏற்பிக்கு இன்னொரு எதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள சிறு புரதங்கள் அசிட்டைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கடிபட்டவருக்கு முதலில் இமை சரிவதும், பிறகு விழுங்க முடியாமல் போவதும், மூச்சு நிற்பதும் அதனால்தான். அங்கே விஷமுறிவு மருந்தோடு, பைரிடோஸ்டிக்மினின் உறவான நியோஸ்டிக்மினையும் கொடுத்துப் பார்ப்பதன் காரணமும் இதுவே. கட்டுவிரியனின் உறவான தைவான் பாம்பு ஒன்றிலிருந்து 1963-இல் பிரித்தெடுத்த ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற விஷப் புரதம் இந்த ஏற்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும். மயஸ்தீனியாவுக்கான மிக நம்பகமான ரத்தப் பரிசோதனை இன்றைக்கும் அந்த விஷத்தை வைத்துத்தான் நடக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டாவது இலக்கு: மஸ்க்

ஏற்பிகள் தாமாகப் போய் மடிப்பு உச்சியில் குவிவதில்லை. நரம்பு நுனி அக்ரின் என்ற புரதத்தை விடுகிறது. அது தசைத் தோலில் இருக்கும் எல்ஆர்பி4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. எல்ஆர்பி4 பக்கத்தில் இருக்கும் மஸ்க்கை முடுக்குகிறது. மஸ்க் உள்ளே சொல்லியனுப்ப, ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை இழுத்துவந்து நெருக்கமாகக் கட்டுகிறது. இது ஒருமுறை நடந்து முடியும் வேலை இல்லை. ஏற்பிகள் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவதால், கட்டுமானம் வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. வீடு கட்டும் இடத்தில் செங்கல்லை உடைத்தாலும் சுவர் எழாது, கொத்தனாரின் கையைக் கட்டிப்போட்டாலும் சுவர் எழாது. ஏசிஎச்ஆர் ஆன்டிபாடி செங்கல்லை உடைக்கிறது. மஸ்க் ஆன்டிபாடி கொத்தனாரின் கையைக் கட்டுகிறது.

மஸ்க்கும் இந்த நோயின் இலக்கு என்பதை ஒரு குழு 2001-இல் கண்டுபிடித்தது. ஏசிஎச்ஆர் நெகட்டிவ் என்று வந்த பலருக்கு விடை அப்போதுதான் கிடைத்தது. இங்கே ஆன்டிபாடியின் ரகம் வேறு: ஐஜிஜி4. இந்த ரகத்துக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. ரத்தத்தில் சுற்றும்போது ஓர் ஐஜிஜி4 பாதியாகப் பிரிந்து, வேறொரு ஐஜிஜி4-இன் பாதியோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அதன் இரண்டு கைகளும் வெவ்வேறு இலக்குகளைப் பிடிக்கும். மஸ்க்கை ஒரு கையால்தான் பிடிக்க முடியும். காம்ப்ளிமென்ட்டையும் அது கூப்பிடாது. துளை போடுவது, இரண்டை இணைத்து இழுப்பது எதுவும் இல்லை. எல்ஆர்பி4 வந்து தொட வேண்டிய இடத்தில் உட்கார்ந்து மறிப்பது மட்டுமே. அது போதும், கட்டுமானம் நின்று, ஏற்பிகள் சிதறுகின்றன.

நோயாளியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மஸ்க் வகை பெண்களிடம் அதிகம். முகம், நாக்கு, தொண்டை, கழுத்து, மூச்சு, இவை முதலில் அடிபடும். கை கால் ஓரளவு நன்றாகவே இருக்கலாம். நாளானால் நாக்கு மெலிந்து சுருங்குவதும் உண்டு. நரம்பு தூண்டல் பரிசோதனையைக் கையில் மட்டும் செய்தால் நார்மலாக வரும். முகத் தசையில் செய்ய வேண்டும். பைரிடோஸ்டிக்மின் பலருக்கு உதவாது. தசைத் துடிப்பு, பிடிப்பு, வயிற்றுப்போக்கு என்று தொந்தரவுதான் மிஞ்சும். மாத்திரை கேட்கவில்லை என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது இங்கே ஆபத்தான தவறு. நன்றாக இருக்கிறார் என்று நினைத்த சில நாட்களிலேயே மூச்சு திணறி வென்டிலேட்டர் வரை போகக்கூடிய வகை இது.

எல்ஆர்பி4-க்கு எதிரான ஆன்டிபாடி 2011-இல் வெளிவந்தது. பெரும்பாலும் ஐஜிஜி1. நோய் பொதுவாக மிதமாக இருக்கும். அக்ரினுக்கு எதிரான ஆன்டிபாடியும் சிலரிடம் கண்டிருக்கிறார்கள். இவ்விரண்டும் அன்றாட சிகிச்சையை இன்னும் பெரிதாக மாற்றவில்லை.

உள்ளே இருக்கும் இலக்குகள்

இதுவரை பார்த்தவை எல்லாம் தசை நாரின் மேற்பரப்பில், ரத்தத்திலிருந்து வரும் ஆன்டிபாடிக்கு எட்டும் இடத்தில் இருப்பவை. டைட்டின் அப்படியில்லை. மனித உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் அது. சுமார் 35,000 அமினோ அமிலங்கள், ஒரே சங்கிலியாக ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் நீளம். தசையின் சுருங்கும் அலகுக்குள் ஒரு முனையிலிருந்து நடுக்கோடு வரை நீண்டு, தசைக்கு மீள்தன்மை தருவது அதன் வேலை. உயிருள்ள தசை நாருக்குள் நுழைந்து ஆன்டிபாடியால் அதைத் தொட முடியாது. ஆகவே டைட்டின் ஆன்டிபாடி தளர்ச்சியை உண்டாக்குகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அது ஓர் அறிவிப்பு.

எதை அறிவிக்கிறது? 50 வயதுக்குள் மயஸ்தீனியா வந்த ஒருவருக்கு டைட்டின் ஆன்டிபாடி இருந்தால், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தைமோமா என்ற கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். 60 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களில் கட்டி இல்லாத பலரிடமும் இதே ஆன்டிபாடி இருக்கும். அங்கே இந்த அறிவிப்புக்கு மதிப்பு குறைவு. ஒரே ரிப்போர்ட், வயதைப் பொறுத்து இரண்டு அர்த்தம்.

ரயனோடின் ஏற்பியும் உள்ளே இருப்பதுதான். தசைக்குள் கால்சியம் சேமித்த பைகளின் வாசல் அது. கால்சியம் வெளியே வந்தால்தான் தசை சுருங்கும். இதற்கு எதிரான ஆன்டிபாடியும் தைமோமா உள்ளவர்களிடம் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பது வழக்கம். கேவி1.4 என்ற பொட்டாசியம் வாயிலுக்கு எதிரான ஆன்டிபாடியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் விவரித்தார்கள். அது உள்ள சிலருக்கு இதயத் தசையும் வீங்கி, துடிப்பு தாறுமாறாகிறது. தைமோமா உள்ளவருக்குப் படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குதல் வந்தால் எல்லாவற்றையும் மயஸ்தீனியா தலையில் போட்டுவிடாமல் இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

தைமஸுக்கு என்ன சம்பந்தம்?

நோய் எதிர்ப்பு செல்களுக்கு 'இது நம் உடம்பு, தொடாதே' என்று பயிற்சி தரும் இடம் தைமஸ். தசை செல்களைப் போன்ற சில செல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் மேல் அசிட்டைல்கோலின் ஏற்பியும் இருக்கிறது. இளம் வயதில் ஏசிஎச்ஆர் வகை வந்தவர்களில் பலருக்கு தைமஸ் வீங்கி, ஆன்டிபாடி தயாரிக்கும் இடமாகவே மாறிவிடுகிறது. 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமோமா. அந்தக் கட்டிக்குள் பயிற்சி ஒழுங்காக நடப்பதில்லை. தசைப் புரதங்களை எதிரியாக நினைக்கும் செல்கள் வடிகட்டப்படாமல் வெளியே வந்துவிடுகின்றன. தைமோமா உள்ள மயஸ்தீனியாக்காரர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ஏசிஎச்ஆர் ஆன்டிபாடி இருக்கும். டைட்டின், ரயனோடின் அதற்கு மேல் கூடுதல். ஆகவே மயஸ்தீனியா உறுதியானால் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் சிறு கட்டிகள் தப்பிவிடும்.

கட்டி இல்லாவிட்டாலும், ஏசிஎச்ஆர் பாசிட்டிவ் ஆன 18 முதல் 65 வயதுக்காரர்களுக்குத் தைமஸை எடுப்பது பயன் தருகிறது என்று 126 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. எடுத்தவர்களுக்கு மூன்றாண்டு முழுக்க பலம் கூடுதலாக இருந்தது, ஸ்டீராய்டு தேவை குறைந்தது. மஸ்க் வகைக்கு தைமஸோடு இப்படித் தொடர்பு இல்லை. அங்கே இந்த ஆபரேஷனால் பலன் இருப்பதாகக் காட்டப்படவில்லை.

ரத்தம் கொடுத்த பிறகு லேபில் நடப்பது

மிக நம்பகமான பரிசோதனை இப்படி நடக்கிறது. மனிதத் தசைச் செல்களிலிருந்து ஏற்பியைக் கரைத்து எடுப்பார்கள். அதோடு கதிரியக்க அயோடின்-125 பூசிய பங்காரோடாக்சினைக் கலப்பார்கள். விஷம் ஏற்பியைக் கவ்விக்கொள்ளும். ஏற்பிக்கு இப்போது கதிரியக்க அடையாளம் கிடைத்துவிட்டது. இதில் நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த திரவம்) மைக்ரோலிட்டர் கணக்கில் சேர்த்துக் குளிரில் வைப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஏற்பியில் ஒட்டும். பிறகு மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்தால் மொத்தமும் அடியில் படியும். சுழற்றி, கழுவி, படிவில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். ரிப்போர்ட்டில் 'லிட்டருக்கு இத்தனை நானோமோல்' என்று வருவது, ஒரு லிட்டர் சீரம் எத்தனை விஷம் ஒட்டிய ஏற்பி இடங்களைப் பிடித்து இழுத்தது என்ற கணக்கு.

அயோடின்-125 சுமார் 60 நாளில் பாதியாகிவிடும். கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அந்தத் தொல்லை இல்லாததால் பல லேப்கள் எலைசா முறையில் செய்கின்றன. அதில் ஏற்பியை பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒட்டவைக்கும்போது அதன் மடிப்பு கலைய வாய்ப்பு உண்டு. ஆன்டிபாடி பிடிப்பது மடிப்பைத்தானே? அதனால் விளிம்பு நிலையில் உள்ள எண்களை அப்படியே நம்ப முடியாது. மூன்றாவது முறையில், உயிருள்ள செல்களின் மேல் ஏற்பியையும் ராப்சினையும் சேர்த்து உருவாக்கி, சந்திப்பில் இருப்பதுபோலவே நெருக்கமாகக் குவிய வைப்பார்கள். மற்ற முறைகளில் நெகட்டிவ் வந்த சிலர் இதில் பாசிட்டிவ் ஆகிறார்கள். தளர்வாக ஒட்டும் ஆன்டிபாடிகளுக்கு இந்த நெருக்கம் தேவைப்படுகிறது.

சென்னையில் பெரும்பாலான இடங்களில் ரத்தம் மட்டும் எடுத்து, பரிசோதனையை வேறொரு பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். முடிவு வர நாளாகும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ (ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றுவது) தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்மா மாற்றினால் ஆன்டிபாடி வெளியேறிவிடும். இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து சேர்த்தது. அதில் உள்ள ஆன்டிபாடிகள் முடிவைக் குழப்பும். எமர்ஜென்சியில் சேர்க்கும்போது அவசரத்தில் தவறுவது இதுதான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: எந்தப் புரதம், எந்த முறை, அந்த லேபின் எல்லை எண் எவ்வளவு. ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமை என்று அர்த்தம் இல்லை. 0.9 உள்ளவர் ஐசியூவில் இருக்கலாம். 40 உள்ளவர் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எத்தனை ஆன்டிபாடி என்பதைவிட, அது ஏற்பியின் எந்த மூலையில் ஒட்டுகிறது, காம்ப்ளிமென்ட்டை எவ்வளவு கூப்பிடுகிறது என்பது முக்கியம். மாதாமாதம் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பணம் செலவழிப்பதில் பயனில்லை. முதல் முறை நெகட்டிவ் வந்து, அறிகுறிகள் தெளிவாக இருந்தால், 6 முதல் 12 மாதம் கழித்து ஒருமுறை திரும்பச் செய்வது நியாயம். சிலருக்கு அதற்குள் பாசிட்டிவ் ஆகியிருக்கும்.

புரதத்தின் பெயர் மருந்தை மாற்றும் விதம்

காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் எகுலிசுமாப் போன்ற மருந்துகள் ஏசிஎச்ஆர் வகைக்கானவை. மஸ்க்கில் காம்ப்ளிமென்ட்டே வேலை செய்யாததால் அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. ஐஜிஜி4 தயாரிக்கும் செல்களின் மூதாதையரான பி செல்களை ஒழிக்கும் ரிட்டக்சிமாப், மஸ்க் வகையில் நன்றாகக் கேட்கிறது. முதற்கட்ட மருந்துகள் போதவில்லை என்றால் காலம் தாழ்த்தாமல் அதைக் கொடுக்கலாம் என்று 2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மூச்சு திணறும் நெருக்கடியில், ஏசிஎச்ஆர் வகைக்கு இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் இரண்டும் உதவும். மஸ்க்கில் பிளாஸ்மா மாற்றம்தான் கூடுதல் நம்பிக்கை. இம்யூனோகுளோபுலினின் மொத்த அளவு கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம், 2 முதல் 5 நாட்களில் பிரித்து ஏற்றுவார்கள். செலவு ஏன் லட்சங்களில் வருகிறது என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் மாத்திரை அரை மணி முதல் முக்கால் மணியில் வேலையைத் தொடங்கி 3 முதல் 4 மணி நேரம் நிற்கும். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுபவர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டுக்கொண்டால், தட்டின் முன் உட்காரும்போது தாடைக்குப் பலம் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தளர்ச்சி கூடுவது உண்டு. மருந்து ஒத்துவரவில்லை என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது, டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

எந்தப் புரதமானாலும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. சந்திப்பில் உபரி இல்லாதவருக்கு, அங்கே சிக்னலைக் கொஞ்சம் குறைக்கும் எந்த மருந்தும் ஆபத்து. சளி, காய்ச்சல் என்று தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், இரண்டும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஜென்டமைசின், அமிகாசின் ஊசிகள், ரத்தக் குழாயில் ஏற்றும் மெக்னீசியம், ப்ரோப்ரனலால், ஹைட்ராக்சிகுளோரோகுயின், போட்டாக்ஸ் ஆகியவையும் அப்படியே. சிலவற்றை வேறு வழி இல்லாதபோது கண்காணிப்போடு கொடுப்பார்கள். அந்த முடிவு கடைக்காரருடையது இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை, தலை நிற்கவில்லை: இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், காலை ஓபி வரை காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பத்தில் இந்த ஆன்டிஜென் விவகாரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. தாயின் ஐஜிஜி ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகள் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் பால் உறிஞ்ச முடியாமல், அழுகை மெலிந்து, துவண்டு கிடக்கும். தாயின் ஆன்டிபாடி வாரக்கணக்கில் கரையக் கரைய, முறையான கவனிப்பில் குழந்தை முழுதாகத் தேறிவிடும். அபூர்வமாகத் தாயின் ஆன்டிபாடி கருவுக்கே உரிய காமா துண்டைக் குறிவைக்கும். பெரியவர்களின் தசைச் சந்திப்பில் அந்தத் துண்டு இல்லாததால் தாய்க்கு அறிகுறியே பெரிதாக இருக்காது; கரு மட்டும் வயிற்றுக்குள் அசையாமல் இருந்து, மூட்டுகள் மடங்கிய நிலையில் பிறக்கும். அடுத்தடுத்த கர்ப்பங்களிலும் இப்படி நேர்ந்தால் தாய்க்கு ஏசிஎச்ஆர் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவது பிரசவ அறையின் வழக்கம். மயஸ்தீனியா உள்ள தாய்க்கு அதுவே மூச்சை நிறுத்திவிடலாம். அதனால் பச்சிளம் குழந்தை ஐசியூ உள்ள மருத்துவமனையாகப் பார்த்து முன்பே பதிவுசெய்து, ஆன்டிபாடி ரிப்போர்ட்டின் நகலை மகப்பேறு ஃபைலின் முதல் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.